ஒரே பதிவு எண், இரண்டு வீடுகள்

1. ஒரு கேள்வி

"மேடம், நம்ம சிஸ்டம்ல ஒரே நம்பர் ரெண்டு பேருக்குப் போகுமா?"

மஞ்சுநாத் சார் போனில் இப்படிக் கேட்டபோது நான் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் பெங்களூரில் ஒரு கண் வங்கியின் நிர்வாக அதிகாரி. கன்னடக்காரர், ஆனால் என்னிடம் தமிழில்தான் பேசுவார். யாராவது இறந்துபோனால் கண்தானம் செய்ய அவர்கள் வீட்டார் அந்தக் கண் வங்கிக்குப் போன் செய்வார்கள். போனை எடுக்கும் ஆபரேட்டர் விவரத்தை கம்ப்யூட்டரில் பதிவார். பதிவு எண் ஒன்று எஸ்எம்எஸ்ஸாக வீட்டாருக்குப் போகும். பிறகு டீம் ஒன்று அந்த வீட்டுக்குப் போய்க் கருவிழியை எடுத்து வரும். அந்த சாஃப்ட்வேரைப் பராமரித்தது பெங்களூரில் நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனி. டேட்டாபேஸ் என் பொறுப்பு. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தேன்.

"போகக் கூடாது சார். ஏன், என்ன ஆச்சு?"

"நாலு நாள் முன்னாடி அல்சூர்ல ஒரு அம்மா தவறிட்டாங்க. அவங்க பொண்ணு வந்து என் முன்னாடி உட்கார்ந்திருக்கு. அவங்க அப்பா போனைக் கொண்டுவந்திருக்கு, அதுல நம்ம எஸ்எம்எஸ் இருக்கு. அந்த நம்பரை சிஸ்டம்ல போட்டா மல்லேஸ்வரத்துல வேற யாரோ பெரியவர் பேர் வருது. அந்த நம்பர்ல அல்சூர் அம்மா பேரே இல்ல."

"டீம் போகலையா?"

"போச்சு. லேட்டா போச்சு. எடுக்க முடியல."

பின்னால் ஒரு பெண் அழுதபடியே யாரிடமோ கோபமாகப் பேசுவது கேட்டது. காலையில் வந்து டேட்டாபேஸ் தானாக எழுதிவைக்கும் குறிப்பான லாக்கைப் பார்க்கிறேன் என்றேன்.

"பாருங்க மேடம். ஆனா நம்ம ஆபரேட்டர் பொண்ணு மேலதான் தப்பு மாதிரி தெரியுது. கூப்பிட்டு விசாரிக்கப் போறோம்."

டேட்டாபேஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பேக்கப், ரெக்கவரி, லாக் எல்லாவற்றையும் புத்தகத்தில் படித்துவிட்டுத்தான் வருவீர்கள். அதில் எழுதியிருப்பது எல்லாமே சரிதான். இது அந்தப் புத்தகங்களில் இல்லாத ஒரு சம்பவம்.

2. அல்சூர் வீட்டில் நடந்தது

இந்தப் பகுதியை இறந்தவரின் மகள் ஸ்டெல்லா பிறகு எனக்குச் சொன்னார்.

ஸ்டெல்லாவின் அம்மா ஃபிலோமினா. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் வீடு. அப்பா ஆரோக்கியசாமி, பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை சர்ச் மண்டபத்தில் நடந்த முகாமில் அந்த அம்மா கண்தான அட்டை வாங்கிவந்திருக்கிறார். அதன்பிறகு கண்புரை ஆபரேஷன் ஆனபோது, டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வியே ஆபரேஷன் ஆன கண்ணைத் தானம் கொடுக்கலாமா என்பதுதான். கொடுக்கலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், "எனக்கு வேற எதுவும் பெருசா செய்ய வேண்டாம். இதை மட்டும் மறக்காம செஞ்சிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஒருதடவை சொல்லி விடவில்லை. யார் சாவுக்குப் போய்வந்தாலும் சொல்வாராம்.

அவர் இறந்தது ஒரு காலை நேரம். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் முடிந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் ஆரோக்கியசாமி தானே கண் வங்கிக்குப் போன் செய்தார். எடுத்தவள் பிரமீளா என்ற ஆபரேட்டர். என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். இமையை மூடிவிட்டு அதன்மேல் ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். தலைக்குக் கீழே தலையணை வைத்துச் சற்று உயர்த்த வேண்டும். ஃபேனை நிறுத்திவிட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் டீம் வந்துவிடும். போனை வைப்பதற்குள் எஸ்எம்எஸ் வந்துவிட்டது.

சொன்னபடியே எல்லாம் செய்தார்கள். வெயில் ஏற ஏற சொந்தக்காரர்கள் வந்து கூடினார்கள். ஃபேன் இல்லாத அந்த அறையில் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. ஒரு சித்தப்பா ஃபேனைப் போடச் சொல்லிச் சத்தம் போட்டார். ஆரோக்கியசாமி சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஐஸ் பெட்டி வந்தபோதும் கண் எடுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று வெளியிலேயே நிறுத்திவைத்தார். பஞ்சு காயும்போதெல்லாம் ஸ்டெல்லா நனைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

டீம் வரவில்லை. மத்தியானம் ஸ்டெல்லா மறுபடி போன் செய்தார். இந்த முறை எடுத்தது வேறொரு ஆபரேட்டர். எண்ணைக் கேட்டு, தட்டிப் பார்த்தார்.

"டீம் வந்து எடுத்துட்டுப் போய்ட்டாங்கன்னு இருக்கே மேடம்."

"யாரும் வரலைங்க. நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்."

"சிஸ்டம்ல கம்ப்ளீட்டட்னு இருக்கு மேடம். வீட்ல வேற யாரையாவது கேட்டுப் பாருங்க."

வீட்டில் யாரைக் கேட்பது? அம்மாவின் கண்ணில் பஞ்சு இருக்கிறது. பக்கத்தில் ஸ்டெல்லாதான் நிற்கிறார். போனைப் பிடுங்கிச் சித்தப்பா கத்தினார். அந்த ஆபரேட்டர் இன்னொருவரைக் கேட்கிறேன் என்றார். லைன் கட் ஆனது. மறுபடி கிடைத்தது. கடைசியில் யாருக்கோ சந்தேகம் வந்து பெயரைக் கேட்டார்கள், முகவரி கேட்டார்கள், புதிதாகப் பதிந்தார்கள். அதற்குள் டீம் ஊரின் இன்னொரு மூலையில் இருந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. டீம் வந்து சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது. வந்த டெக்னீஷியன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பார்த்து, கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டாராம்.

"அப்பா எழுந்தார் மேடம்," என்றார் ஸ்டெல்லா. "போய் ஃபேனைப் போட்டுட்டு வந்து உட்கார்ந்துட்டார்."

3. விசாரணை

மறுநாள் காலை நான் கண் வங்கிக்குப் போனபோது விசாரணை முந்தின நாள் சாயங்காலமே முடிந்திருந்தது. மஞ்சுநாத் சார் மேசையில் ஒரு தாள் இருந்தது. பிரமீளா கன்னடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அல்சூர் பதிவைத் திறந்து வைத்திருந்ததாகவும், அடுத்து மல்லேஸ்வரம் போன் வந்தபோது புதுப் பதிவு தொடங்காமல் அதே பதிவின் மேலேயே விவரங்களை மாற்றி எழுதிவிட்டதாகவும், தவறு தன்னுடையதுதான் என்றும் எழுதியிருந்தாள்.

கேட்கும்போது பொருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு போனையும் எடுத்தது அவள்தான். பழைய பதிவின் மேல் எடிட் செய்துவிடுகிற தவறு ஆபரேட்டர்களுக்கு வருவதுண்டு.

"அந்தப் பொண்ணு எங்க சார்?"

"வேலையை விட்டுப் போய்ட்டா. நான் போகச் சொல்லல மேடம். சஸ்பெண்ட்னுதான் சொன்னேன். அவளே ஐடி கார்டைக் கழட்டி வெச்சிட்டுப் போய்ட்டா."

"முதல்லயே ஒத்துக்கிட்டாளா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்ல. முதல்ல புதுசாத்தான் பதிஞ்சேன்னு சொன்னா. நாங்க திரும்பத் திரும்பக் கேட்டோம். பின்ன வேற எப்படி ஆகும் சொல்லுன்னு கேட்டோம். அப்புறம் அழுதா. அப்புறம் அப்படித்தான் இருக்கும் சார்னு எழுதிக் குடுத்தா."

தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு சர்வர் ரூமுக்குப் போனேன். எனக்கு அவள்மீது தனிப்பட்ட நம்பிக்கை ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் டேட்டாபேஸ் வேலையில் ஒன்று இருக்கிறது. ஒருவர் என்ன செய்தார் என்பதை அவரைக் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம்.

4. லாக் சொன்னது

தெரியாதவர்களுக்காக இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டேட்டாபேஸ் எந்த மாற்றத்தையும் நேராகக் கொண்டுபோய் டேட்டா ஃபைலில் எழுதிவிடாது. இன்ன பதிவு சேர்ந்தது, இன்ன பதிவு மாறியது என்று முதலில் லாக்கில் வரிசையாக எழுதும். அந்த வரி டிஸ்க்கில் இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகுதான் "கமிட் ஆயிற்று" என்று சொல்லும். டேட்டா ஃபைலில் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் பயமில்லை. மறுபடி எழுந்ததும் லாக்கை முதலிலிருந்து படித்து, கமிட் ஆனதையெல்லாம் மறுபடி செய்துவிடும். கமிட் ஆகாததை விட்டுவிடும். இதற்குப் பெயர்தான் ரெக்கவரி. "சேவ் ஆச்சு" என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டால், அதன்பிறகு இடி விழுந்தாலும் அது இருக்க வேண்டும். என் வேலை மொத்தமும் அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றுவதுதான்.

அந்த லாக்குகளின் நகல் வேறொரு மெஷினில் சேர்ந்துகொண்டே இருக்கும்படி வைத்திருந்தேன். சம்பவ நாளின் நகலை எடுத்தேன்.

பிரமீளா எழுதிக் கொடுத்தது உண்மையானால் லாக்கில் அந்த எண்ணுக்கு இரண்டு வரி இருக்க வேண்டும். ஃபிலோமினா என்ற பெயரோடு ஒரு இன்செர்ட், அதாவது புதுப் பதிவு சேர்ந்த வரி. பிறகு அதே பதிவின்மேல், மல்லேஸ்வரம் பெரியவரின் பெயரோடு ஒரு அப்டேட், அதாவது இருந்த பதிவை மாற்றிய வரி. என்னதான் அழித்து எழுதினாலும் முதல் வரி லாக்கில் அப்படியே கிடக்கும்.

பெயரோடு ஒரே ஒரு வரிதான் இருந்தது. இன்செர்ட். மல்லேஸ்வரம் பெரியவரின் பெயர். ஃபிலோமினா என்ற பெயர், மத்தியானம் வேறு எண்ணில் புதிதாகப் பதிந்ததைத் தவிர, அந்த லாக்கில் எங்கேயுமே இல்லை.

அவள் எதையும் எடிட் செய்யவில்லை.

அந்த வரிக்கு மேலே பார்த்தேன். அங்கே ரெக்கவரி நடந்ததற்கான குறிப்பு இருந்தது. எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. காலையில் அங்கே கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தாங்காமல் சர்வர் அணைந்து மறுபடி எழுந்தது. நான் ஆபீசில் இருந்தபடி பார்த்தேன். ரெக்கவரி ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது, சர்வீஸ் மேலே வந்தது. திரையில் எல்லாம் பச்சை.

ஆபரேட்டர்களின் திரையை ஓட்டுகிற அப்ளிகேஷன் வேறு மெஷினில் இருந்தது. அதற்கு வேறு யூபிஎஸ், அது அணையவில்லை. அதன் குறிப்புகளைத் திறந்தேன். அங்கே இருந்தது. ஃபிலோமினா, அல்சூர், பதிவு எண், கமிட் வெற்றி, எஸ்எம்எஸ் அனுப்பப்பட்டது. அதற்குச் சில வினாடிகள் கழித்து, டேட்டாபேஸோடு தொடர்பு அறுந்தது.

டேட்டாபேஸ் "கமிட் ஆயிற்று" என்று சொல்லியிருக்கிறது. சொன்ன பிறகு அந்தப் பெயர் காணாமல் போயிருக்கிறது. நடக்கவே கூடாதது அதுதான். என் பக்கத்து செட்டிங்குகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

டிஸ்க்குகளுக்கு முன்னால் ஒரு கன்ட்ரோலர் கார்டு இருக்கும். எழுத வேண்டியதை முதலில் தன் மெமரியில் வாங்கிக்கொள்ளும். "எழுதியாச்சு" என்று உடனே சொல்லிவிட்டு, மெதுவாக டிஸ்க்கில் இறக்கும். அப்படிச் சொல்ல அதற்கு உரிமை உண்டு, ஏனென்றால் அதற்கென்று ஒரு சின்ன பேட்டரி இருக்கும். கரண்ட் போனாலும் மெமரியில் இருப்பது அழியாது. பேட்டரி செத்துவிட்டால் அந்தக் கார்டே இந்தக் குறுக்குவழியை நிறுத்திவிட்டு, நேராக டிஸ்க்கில் எழுத வேண்டும். இந்தக் கார்டில் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. ஆனாலும் குறுக்குவழி திறந்தே இருந்தது. யாரோ கையால் அப்படி வைத்திருந்தார்கள்.

ஹார்டுவேர் பார்த்துக்கொண்டிருந்த பையன் வேறு கம்பெனிக்குப் போயிருந்தான். தேடிப் பிடித்துப் போன் செய்தேன்.

"ஆமா மேடம், நான்தான் போட்டேன். பேட்டரி போனதும் சிஸ்டம் ரொம்ப ஸ்லோ ஆச்சு. ஆபரேட்டர்ஸ் எல்லாம் கம்ப்ளெயின்ட் பண்ணாங்க. போன்ல ஆள் அழுதுக்கிட்டு இருக்காங்க, ஸ்கிரீன் சுத்திக்கிட்டே இருக்குன்னு. புது பேட்டரி வர்ற வரைக்கும் டெம்பரரியா போட்டேன். ஏன் மேடம், என்ன ஆச்சு?"

சொன்னேன். "நான் வந்து யாரையாவது பாக்கணுமா மேடம்?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவனும் அழுகிறவர்களைக் காக்கவைக்கக் கூடாது என்றுதான் செய்திருக்கிறான்.

மிச்சம் தானாகவே விளங்கியது. கடைசிப் பதிவு எண்ணும் அதே டேட்டாபேஸில்தான் இருந்தது. ஃபிலோமினாவின் பதிவு போனபோது அந்த எண் ஒன்று கூடிய கணக்கும் சேர்ந்து போய்விட்டது. மறுபடி எழுந்த டேட்டாபேஸைப் பொறுத்தவரை அந்த எண் இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அடுத்து வந்த மல்லேஸ்வரம் போனுக்கு அதையே எடுத்துக் கொடுத்தது. டீம் மல்லேஸ்வரம் போனது, எடுத்தது, முடிந்தது என்று குறித்தது. அல்சூரிலிருந்து ஸ்டெல்லா அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டபோது அது உண்மையாகவே முடிந்துபோன எண்.

மஞ்சுநாத் சாரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிரமீளாவின் தாளை எடுத்து மடித்து டிராயரில் வைத்தார். பிறகு அதையே வெளியில் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அல்சூர் போவோம் மேடம்," என்றார்.

5. தங்காத பெயர்

ஆட்டோவிலிருந்து இறங்கி சந்துக்குள் நடந்தோம். வீட்டில் படத்துக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். ஆரோக்கியசாமி சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே எழுந்து வந்தார். ஸ்டெல்லா எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மஞ்சுநாத் சார் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் என்னைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க போன் பண்ணது, பேர் சொன்னது, எல்லாம் சரியா எங்ககிட்ட வந்துச்சு," என்றேன். "கம்ப்யூட்டர்ல எழுதறதுக்கு முன்னாடி ஒரு மெஷின் அதை வாங்கி வெச்சுக்கும். அது எழுதிட்டேன்னு சொல்லிடுச்சு. அதை நம்பித்தான் உங்களுக்கு மெசேஜ் வந்துச்சு. ஆனா அது இன்னும் எழுதல. அதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. போன் எடுத்த பொண்ணு மேலயும் தப்பு இல்ல."

அவர் யோசித்துக்கொண்டே கேட்டார். "அப்ப அவ பேரு உங்ககிட்ட வந்து சேர்ந்துச்சு."

"சேர்ந்துச்சு ஐயா. தங்கல."

அவர் தலையாட்டினார். "நான்தான் போன்ல ஏதோ மாத்திச் சொல்லிட்டேனோன்னு நினைச்சேம்மா. தெருப்பேரைத் தப்பா சொல்லிட்டேன், அதனாலதான் வரலைன்னு. இவகிட்டகூட சொல்லல."

"அப்பா," என்றார் ஸ்டெல்லா.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அதையும் கெடுத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் கெடுக்கவில்லை என்று மறுபடியும் சொன்னேன். அதில் அவருக்கு ஆறுதல் கிடைத்ததா என்று தெரியவில்லை. யார் தவறு என்று தெரிந்தாலும் அந்த அம்மா கேட்டது நடக்கவில்லை, அது நடக்காதது நடக்காததுதான்.

ஸ்டெல்லா கேட்டார்: "இப்பவாவது அம்மா பேர் அதுல இருக்கா?"

"மத்தியானம் பதிஞ்ச புதுப் பதிவு இருக்கு. காலையில அப்பா பண்ணது இல்ல."

"அதைப் போடுங்க. அப்பா நேரத்துக்குப் போன் பண்ணார்னு இருக்கணும்."

மஞ்சுநாத் சார் போடுகிறோம் என்றார். கிளம்ப எழுந்தபோது ஆரோக்கியசாமி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"போன்ல பேசினது ஒரு பொண்ணு. நல்ல பொண்ணும்மா. பஞ்சை ரொம்ப நனைக்காதீங்க, பிழிஞ்சு வைங்கன்னு பொறுமையா சொல்லிச்சு. நான் அழுததும், நேரம் இருக்கு ஐயா, மெதுவா சொல்லுங்கன்னுச்சு. அதுமேல தப்பு இல்லன்னு சொல்றீங்களே, அதுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல ஐயா," என்றேன். ஸ்டெல்லா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பொண்ணை வேலையை விட்டு எடுக்கணும்னு நான்தான் கத்தினேன். எடுத்தாத்தான் போவேன்னு உட்கார்ந்தேன்."

திரும்பி வந்ததும் பதிவைப் போட்டோம். முடிவு என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க மூன்றே காரணங்கள் இருந்தன. குடும்பம் மறுத்தது, மருத்துவத் தகுதி இல்லை, நேரம் கடந்தது. மஞ்சுநாத் சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"நேரம் கடந்ததுன்னு போடுங்க," என்றார். நான் கர்சரைக் கொண்டுபோகும்போதே, "ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க. வேண்டாம். நம்ம தவறுன்னு ஒரு காரணம் புதுசா சேருங்க. மேல கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்," என்றார்.

சேர்த்தேன். கமிட் ஆயிற்று என்று வந்தது. கார்டின் குறுக்குவழியை அதற்குள் மூடியிருந்தேன். இருந்தும் டிஸ்க்கில் இறங்கிவிட்டதா என்று தனியாகப் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

6. ஆனேக்கல்

பிரமீளா போனை எடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த முகவரியை வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல் பஸ்ஸில் போனேன். மஞ்சுநாத் சார் கையெழுத்திட்ட கடிதம் என்னிடம் இருந்தது. அவள்மீது தவறு இல்லை, வேலைக்குத் திரும்ப வரலாம், நிர்வாகம் வருந்துகிறது. தானும் வருவதாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். அவரைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து நின்றுவிடுவாள் என்று தோன்றியது.

ஒற்றை அறை வீடு. அம்மாவும் அவளும். அவளுடைய அம்மா எனக்கு டீ போடப் போனார். பிரமீளா முன்னைவிட இளைத்திருந்தாள். பக்கத்து ஃபேக்டரியில் பாக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

"அங்க யார்கூடவும் பேச வேண்டியதில்ல மேடம்."

கடிதத்தைக் கொடுத்தேன். படித்தாள். லேப்டாப்பைத் திறந்து லாக்கைக் காட்டினேன். இது ரெக்கவரி, இது அதற்குப் பிறகு வந்த இன்செர்ட், எடிட் செய்திருந்தால் இங்கே அப்டேட் என்று ஒரு வரி இருந்திருக்கும், இல்லை பார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். நல்ல புத்தி உள்ள பெண். நடுவில் கேட்ட ஒரு கேள்வியிலேயே அவளுக்கு முழுதாகப் புரிந்துவிட்டது தெரிந்தது.

"அப்ப நான் அல்சூர் பதிவை சேவ் பண்ணேன்."

"பண்ண."

"மல்லேஸ்வரத்துக்குப் புதுசா ஓபன் பண்ணேன்."

"ஆமா. லாக்ல அப்படித்தான் இருக்கு."

அவள் கடிதத்தை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"ஆனா மேடம், நான் எடிட் பண்ணது எனக்கு ஞாபகம் இருக்கு."

லேப்டாப்பைப் பாதி மூடினேன்.

"அன்னைக்கு ரூம்ல உட்காரவெச்சுக் கேட்டாங்க இல்ல, அப்ப இல்லவே இல்லன்னுதான் சொன்னேன். பின்ன எப்படி ஆச்சு, யோசி, யோசின்னு சொன்னாங்க. யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். அப்புறம் தெரிய ஆரம்பிச்சுது. அந்தத் தாத்தா அழுதது, அடுத்த போன் வந்தது, நான் பழைய ஸ்கிரீன்லயே எடிட்டை கிளிக் பண்ணது. ஃபிலோமினான்னு இருக்கற பேரை நான் அழிக்கறேன் மேடம். ஒவ்வொரு எழுத்தா. கண்ணை மூடினா அதான் வருது."

"அது நடக்கல பிரமீளா."

"நீங்க காட்டினது புரியுது மேடம். நம்பறேன். பொய் சொல்லல." கடிதத்தை மடியில் வைத்தாள். "ஆனா அழிச்ச மாதிரியேதான் இருக்கு."

டீ வந்தது. அந்தத் தாத்தா அவளைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன். பொறுமையாகச் சொன்னாள், நல்ல பொண்ணு என்று அவர் சொன்னதைக் கேட்டதும்தான் அழுதாள். அவளுடைய அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "இந்தப் பேப்பரை அன்னைக்கே குடுத்திருக்கக் கூடாதாம்மா?"

வேலைக்குத் திரும்ப வரச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வரவில்லை. ஒரு மாதம் கழித்து நான் மறுபடி போன் செய்தபோது பேசினாள். உடம்பு பரவாயில்லை, தூக்கம்தான் சரியாக வருவதில்லை என்றாள். போன் மணி அடித்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது என்றாள். நான் அழைத்தபோதும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று புரிந்து, அதன்பிறகு நானாக அழைக்கவில்லை.

7. என்ன மாற்றினோம்

வேலை சம்பந்தமாகச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கார்டுக்குப் புது பேட்டரி போட்டோம். அது செத்தால் எனக்குத் தகவல் வரும்படி வைத்தோம். லாக் இன்னொரு கட்டடத்தில் இருக்கும் இரண்டாவது சர்வரிலும் எழுதப்பட்ட பிறகுதான் எஸ்எம்எஸ் போகும். ஒருமுறை யாருக்காவது போய்விட்ட எண் எந்த நிலையிலும் மறுபடி வேறொருவருக்குப் போகாது. எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டால் ஆபரேட்டர் பெயரையும் கேட்ட பிறகுதான் பதில் சொல்வார். சர்வர் திடீரென்று அணைந்து எழுந்தால், அதற்குச் சற்று முன்பு எஸ்எம்எஸ் போன ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்களே போன் செய்து, உங்கள் பதிவு எங்களிடம் இருக்கிறது என்று சொல்லிய பிறகுதான் "சிஸ்டம் சரி" என்று அறிவிப்போம். இதனால் சிஸ்டம் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுகிறது. ஏன் என்று ஆபரேட்டர்களுக்கு நானே போய்ச் சொன்னேன். யாரும் குறை சொல்லவில்லை.

இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் நீங்கள் படித்துக்கொள்ளலாம். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது வேறு.

ஏதாவது தவறு நடந்தால் நம் ஆபீஸ்களில் முதலில் ஆளைக் கூப்பிடுவார்கள். கீழே இருக்கிற ஆளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த அறைக்குள் நீங்கள் எழுந்து, லாக்கைப் பார்க்கும்வரை யாரையும் கேட்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்ல வேண்டும். லாக் காத்திருக்கும். நூறு தடவை திறந்து படித்தாலும் அதில் ஒரு எழுத்து மாறாது. மனிதரை மூன்று தடவை அழுத்திக் கேட்டால் அவர் மாறிவிடுவார். அப்படி மாறியதைப் பழையபடி ஆக்க எனக்குத் தெரியவில்லை.